பெரியம்மாவின் இரண்டு டிக்கெட்டுகள்

பெரியம்மாவிடம் இரண்டு விமான டிக்கெட்டுகள். ஆடியில் துபாய், சின்ன மகன் வீட்டுக்கு. தீபாவளி கழிந்து சிங்கப்பூர், பெரியவன் வீட்டுக்கு. இரண்டும் மதுரையில் காலை 10 மணிக்குக் கிளம்புகின்றன. துபாயில் இறங்குவது 12.45. சிங்கப்பூரில் மாலை 4.45.

"சின்னவன் பக்கத்தில்தான் இருக்கிறான். பெரியவன்தான் ரொம்பத் தூரம் போய்விட்டான்" என்றார்.

பேரனின் உலக உருண்டையை எடுத்து, மதுரைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தேன். ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிஜத்தில் சுமார் 3,000 கி.மீ. அதே நூலைத் துபாய்ப் பக்கம் திருப்பினால் அங்கேயும் எட்டிவிடுகிறது. அது 2,950 கி.மீ. நம் ஊர் இரண்டுக்கும் ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கிறது. விமானத்தில் உட்காரும் நேரமும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது உட்பட, இரண்டுக்கும் நாலேகால் மணிதான்.

ஏமாற்றுவது கடிகாரம். டிக்கெட்டில் அச்சிடுவது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். சூரியன் ஒரு மணிக்கு 15 பாகை நகர்கிறது என்ற கணக்குப்படி சிங்கப்பூர் இவ்வளவு முந்தியிருக்க வேண்டியதில்லை. 1982-இல் அரை மணி கூட்டி வைத்துக்கொண்டார்கள். நாமும் யோக்கியமில்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. மதுரை 78-இல் இருப்பதால், சராசரியாக 12.17-க்குத்தான் நமக்கு உச்சிவெயில்.

பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் சேரும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குள் நுழைந்த ஈ, மேலூர்வரை பறந்துகொண்டே வந்தாலும் பின்கண்ணாடியில் மோதுவதில்லை. பஸ்ஸுக்குள் இருக்கும் காற்றும் கூடவே வருகிறது. பூமியின் காற்றும் அப்படித்தான்.

ஆனால் அந்தக் காற்றுக்குள் ஓடும் காற்று வேறு விஷயம். ஆடியில் உசிலம்பட்டிப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும்: மேற்கிலிருந்து வரும் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். அதே மாதத்தில் தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்து இந்தக் கீழைத் தாரைக்காற்றை 1950-களில் விவரித்தவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். அதன் உச்சவேகம் இன்னும் மேலே. விமானங்களுக்குக் கிடைப்பது அடிவிளிம்புதான். அதுவே போதும். 850 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தை வழியெல்லாம் 80 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3,000 கி.மீ.க்கு 3 மணி 14 நிமிடம். எதிரே நின்றால் 3 மணி 54 நிமிடம்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டிக்கெட்டை மடித்தார். "அங்கே 12.45 என்றால் இங்கே மணி என்ன?"

"2.15."

"அப்படியானால் தயிர்சாதம் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்."