கழுத்தில் நெட்டி எடுக்கும்முன்

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் போடுகிற ஓர் அண்ணன் போன மாதம் கழுத்துவலியோடு வந்தார். காரைக்குடியில் நான் பிசியோதெரபி பார்க்கிறேன். பூக்கல் பட்டறையில் வேலை செய்பவர்களும் கண்டாங்கிச் சேலை நெய்பவர்களும் என்னிடம் வருவது புதிதல்ல. கண்ணாடிமேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சாயச் சிமெண்டைச் சின்னக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே கலவையைத் தூவிச் சமன்செய்ய வேண்டும். கோடு கலைந்தால் கல் வீண். அதனால் கண் கல்லை விட்டு விலகாது, தலையும் நிமிராது. ஐந்து கிலோ எடையுள்ள தலை நேராக இருக்கும்போது கழுத்துக்குப் பாரமே தெரியாது. குனிந்துவிட்டால் அதைத் தாங்க பின்கழுத்துத் தசைகள் பல மடங்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அவர் முப்பது வருடமாகக் குனிந்திருக்கிறார்.

உட்கார்ந்ததும் கேட்டார்: "தம்பி, கரண்டு வைக்கிறதெல்லாம் வேணாம். ஒரே திருப்பு, டக்குன்னு நெட்டி எடுத்து விட்டுருங்க. முடிவெட்டுற இடத்துல எடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப அது ரெண்டு நாள்கூட நிக்கல."

அப்புறம் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ ஊரில், முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் திருப்பி வைத்தியம் செய்யும் கைரோபிராக்டர் ஒருவர் ஒரு பெண்ணின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புகிறார். மைக் வைத்துப் பதிவு செய்த அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "இது மாதிரி. நீங்களும் இதைத்தானே படிச்சிருப்பீங்க?"

நியாயமான கேள்விதான். எனக்கும் அது சொல்லித்தரப்பட்டது. மேனிபுலேஷன் என்போம். மூட்டு எவ்வளவு தூரம் போகுமோ அந்த எல்லைவரை கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்து ஒரு சின்ன, மிக வேகமான தள்ளு. ஐந்தில் ஒரு நொடிகூட ஆகாது. நோயாளி தசையை இறுக்கித் தடுப்பதற்குள் முடிந்துவிடும். கைரோபிராக்டரின் கையும் பிசியோதெரபிஸ்ட்டின் கையும் அந்த ஒரு கணத்தில் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை. அதற்கு முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தச் சத்தம். விலகிய எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கழுத்தெலும்புகளைப் பின்பக்கம் இருபுறமும் சின்னச் சின்ன மூட்டுகள் இணைக்கின்றன. ஒவ்வொரு மூட்டும் மூடிய ஒரு பை மாதிரி. உள்ளே வழுவழுப்பான இரண்டு பரப்புகள், நடுவில் மெல்லிய படலமாக உயவுநீர். பட்டறையில் ஈரக் கண்ணாடி இரண்டு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அந்த அண்ணனிடமே கேட்டேன். "இழுத்தா வராது. வர்றப்ப ஒரே அடியா வரும்" என்றார். மூட்டிலும் அதேதான். இரண்டு பரப்புகளும் பிடிவாதமாக ஒட்டியிருந்து சட்டென்று பிரியும்போது உள்ளே அழுத்தம் விழுந்துவிடுகிறது. நீரில் கரைந்திருந்த வாயு, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, வெளியே வந்து குமிழியாகிறது. கோலி சோடாவில் கோலியை அமுக்கியதும் நுரைத்துக்கொண்டு கிளம்புவதும் இந்த வாயுதான், காரணமும் இந்த அழுத்தக் குறைவுதான்.

சத்தம் குமிழி பிறக்கும்போது வருகிறதா, உடையும்போது வருகிறதா என்பதில் மட்டும் ஒரு நீண்ட வழக்கு உண்டு. 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் உடையும்போது என்றார்கள். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலை இழுத்துக்கொண்டே எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். சத்தம் வந்த பிறகும் குமிழி அப்படியே இருந்தது, ஆகவே பிறக்கும்போது என்றார்கள். குமிழி முழுதாக உடையத் தேவையில்லை, கொஞ்சம் சுருங்கினாலே அந்தச் சத்தம் வரும் என்று 2018இல் ஒரு கணித மாதிரி காட்டியது. எல்லாம் விரல் மூட்டில் செய்த ஆராய்ச்சி. வழக்கு முடியவில்லை, ஆனால் நமக்கு வேண்டியது அதில் கிடைத்துவிட்டது: சத்தம் என்பது வாயு. வாயு மறுபடி நீரில் கரைய ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும் என்பதால்தான் ஒருமுறை நெட்டி முறித்த விரலில் உடனே இன்னொரு நெட்டி வருவதில்லை.

அப்படியானால் வலி குறைகிறதே, அது பொய்யா? இல்லவே இல்லை. காலை இடித்துக்கொண்டதும் அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம், வலி மட்டுப்படுகிறது. அதற்கு நெருக்கமான ஒன்றுதான் இங்கும் நடக்கிறது. மூட்டுப் பையிலும் தசையிலும் இருக்கும் உணர்நரம்புகள் அந்த வேகமான அசைவில் ஒரேயடியாகச் செய்தி அனுப்புகின்றன. தண்டுவடத்தில் வலிச் செய்தி கொஞ்ச நேரம் அமுங்குகிறது, இறுகிக் கிடந்த தசை தளர்கிறது, கழுத்து முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்புகிறது. சத்தமே வராவிட்டாலும் இந்தப் பலன் கிடைக்கும். முதுகில் செய்து பார்த்த ஓர் ஆய்வில் குறிவைத்த மூட்டிலேயே சத்தம் எழுந்தது பாதித் தடவைதான், மீதியெல்லாம் பக்கத்து மூட்டுகளில். ஆக, "சரியான இடத்தில் விழுந்தது" என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. பலன் சில மணிநேரமோ சில நாளோ நிற்கும். குனிந்தே வேலை செய்கிற கழுத்து திரும்பவும் இறுகும், ஆள் திரும்பவும் சலூன் நாற்காலியில் போய் உட்காருவார்.

இரண்டு துறைகளும் புறப்பட்ட இடம் வேறு. கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டாவன்போர்ட் என்ற ஊரில் பிறந்தது. காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த டேனியல் டேவிட் பால்மர், ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவாளரின் முதுகெலும்பை அழுத்திவிட்டதில் அவருக்குக் காது கேட்கத் தொடங்கியது என்று அறிவித்தார். கேட்கும் நரம்பு காதிலிருந்து நேராக மூளைத்தண்டுக்குப் போகிறது, முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. இருந்தும் அந்த நம்பிக்கை ஒரு கொள்கையாக வளர்ந்தது: எலும்பு இம்மியளவு விலகி உடலின் உயிராற்றலைத் தடுப்பதால்தான் நோய்கள் வருகின்றன, அந்த விலகலை நீக்கினால் உடல் தானே தேறும். பிரிட்டனின் பொதுக் கைரோபிராக்டிக் மன்றமே 2010இல், இந்த விலகல்தான் நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை, இது வரலாற்றுக் கருத்து மட்டுமே என்று சொல்லிவிட்டது. இன்று அமெரிக்காவில் கைரோபிராக்டர்கள் பல ஆண்டு படித்து, உரிமம் பெற்று வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் பழைய கொள்கையை விட்டுவிட்டு முதுகுவலி, கழுத்துவலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆஸ்துமாவுக்கும் குழந்தை இரவில் அழுவதற்கும் கழுத்தைத் திருப்புகிறவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பிசியோதெரபிக்கு இப்படி ஒரே ஒரு தந்தை கிடையாது. 1813இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் தொடங்கிய உடற்பயிற்சி நிலையம், 1894இல் லண்டனில் செவிலியர் நால்வர் தொடங்கிய சங்கம் என்று பல ஊற்றுகள். கழுத்து விஷயத்தில் எங்களுக்கு முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெயிட்லண்ட். மூட்டை மெதுவாக, தாளமாக அசைத்துவிடுவதை அவர் நான்கு படிகளாகப் பிரித்தார். இதற்கு மொபிலைசேஷன் என்று பெயர். அந்த வேகமான தள்ளு ஐந்தாவது படி. நான்கு படிகளில் எங்கே வேண்டுமானாலும் நோயாளி "போதும்" என்று சொல்லலாம், நாங்கள் நிறுத்துவோம். ஐந்தாம் படியில் சொல்ல நேரம் இருக்காது. என் கணக்கில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

இந்தியாவில் பிசியோதெரபி 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் வருகிறது. கைரோபிராக்டருக்கு அப்படித் தனியாக ஒரு பதிவுமன்றம் இங்கே இல்லை. பலகையைப் பார்த்துப் போகிறவர், உள்ளே இருப்பவர் எங்கே, எத்தனை வருடம் படித்தார் என்று தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை.

கேட்க வேண்டிய அவசியம் என்ன என்றால், கழுத்தில் ஓடும் ஒரு ரத்தக்குழாய்.

கழுத்தெலும்புகள் ஏழு. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு துளை. முள்ளெலும்புத் தமனி இருபுறமும், மேலிருந்து எண்ணினால் ஆறாவதாக வரும் எலும்பின் துளையில் நுழைந்து, ஒவ்வொரு துளையாக மேலேறுகிறது. முதல் எலும்பைத் தாண்டியதும் பின்னால் வளைந்து மண்டைக்குள் போகிறது. உள்ளே இரண்டும் சேர்ந்து மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் பார்வை பதியும் மூளையின் பின்பகுதிக்கும் ரத்தம் தருகின்றன. இதில் கவனிக்க வேண்டியது, நாம் தலையைத் திருப்பும்போது ஏறக்குறைய பாதித் திருப்பம் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. வலப்பக்கம் முழுக்கத் திரும்பினால் இடப்பக்கத் தமனி அங்கே இழுபடும். தினசரித் திருப்பங்களுக்கு ஈடுகொடுக்க அந்த வளைவில் கொஞ்சம் தளர்ச்சி உண்டு. வேகமாக, எல்லை தாண்டித் திருப்பினால் தமனியின் உட்சுவர் கிழியக்கூடும். வாழைத்தண்டில் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே நீர் புகுவதுபோல ரத்தம் சுவரின் அடுக்குகளுக்குள் புகுந்துவிடும். அங்கே உறையும் ரத்தக்கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இது அபூர்வம். எல்லாக் காரணங்களும் சேர்ந்தே கழுத்துத் தமனிக் கிழிசல் ஆண்டுக்கு லட்சம் பேரில் மூன்று பேருக்கு அருகில்தான் வருகிறது. ஆனால் ஐம்பது வயதுக்குள் வரும் பக்கவாதங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. கிழிசலின் முதல் அறிகுறியே கழுத்துவலியும் பின்தலைவலியும்தான். 2008இல் கனடாவின் ஒண்டாரியோவில் செய்த பெரிய ஆய்வில், பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டரிடம் போனவர்களிடம் கண்ட அதே தொடர்பு சாதாரண மருத்துவரிடம் போனவர்களிடமும் இருந்தது. அதாவது பலர் கிழிசலோடுதான் வலிக்கு வைத்தியம் தேடி வந்திருக்கலாம். திருப்பியதுதான் காரணம் என்று உறுதிசெய்ய ஆதாரம் போதாது, ஆனாலும் இந்தத் தொடர்பை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 2014இல் அமெரிக்க இதயச் சங்கம் அறிக்கை விட்டது. நான் இதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: ஏற்கெனவே கிழிந்த தமனியோடு ஒருவர் என் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். கண்டுபிடிக்காமல் அவர் கழுத்தைத் திருப்பினால் அது மன்னிக்க முடியாத தவறு.

அதனால் அந்த அண்ணனின் கழுத்தைத் தொடும் முன் நிறையக் கேட்டேன். இதுவரை வராத மாதிரி திடீர்த் தலைவலியா? தலைசுற்றல், இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் மரத்த உணர்ச்சி, திடீரென்று கால் மடங்கி விழுதல்? விபத்து, முடக்குவாதம், எலும்பு மெலிவு? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். ரத்த அழுத்தம் பார்த்தேன். என் விரலைக் கண்ணால் தொடரச் சொன்னேன். பத்து நொடியில் எத்தனை முறை கையை மூடித் திறக்கிறார் என்று எண்ணினேன். இருபதைத் தாண்டினார். தண்டுவடம் நசுங்கினால் அந்த எண்ணிக்கை குறையும், சட்டைப் பொத்தான் போடவே விரல் தடுமாறும். கடைசியாக, என் அறையில் பதித்த பூக்கல் ஓரக்கோட்டில் குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு நடக்கச் சொன்னேன். தடுமாறாமல் நடந்துவிட்டு, "இந்தப் பூ நம்ம பட்டறையில போட்டதுதான்" என்றார்.

ஆபத்துக்கான அறிகுறி எதுவும் இல்லை. அப்படியும் அவர் கழுத்தில் ஐந்தாம் படியை நான் தொடவில்லை. பயத்தால் இல்லை. மெதுவாக அசைத்துவிடும் முறையும் வேகமாகத் திருப்பும் முறையும் கழுத்துவலியில் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன என்று இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. 2012இல் அமெரிக்காவில் 272 பேரிடம் செய்த ஆய்வில், இரண்டொரு முறை சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யவைத்த பயிற்சி, பன்னிரண்டு வாரம் கைரோபிராக்டரிடம் போனதற்குக் கிட்டத்தட்ட ஈடாக நின்றது. கைரோபிராக்டரின் சிகிச்சை மாத்திரையைவிட மேல் என்றும் அதில் தெரிந்தது. அதே பலன் பாதுகாப்பான வழியில் கிடைக்கும்போது மற்றதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. சலூன் நாற்காலியில் நடக்கும் திருப்பலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே அன்பு இருக்கிறது, கைப்பழக்கம் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கீழ்க்கழுத்து மூட்டுகளைக் கட்டைவிரலால் தாளமாக அசைத்துவிட்டேன். பல வருடக் குனிவில் அவருடைய மேல்முதுகும் கல்லாய் இறுகியிருந்தது. அங்கே மட்டும் படுக்கவைத்து ஒரு தள்ளு கொடுத்தேன். மேல்முதுகை இளக்கினால் கழுத்துவலியும் கொஞ்ச நாளைக்குக் குறையும், அந்தத் தமனியும் அங்கே இல்லை. இரண்டு நெட்டி விழுந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அப்புறம் பயிற்சி. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்பதுபோல் தாடையை மெல்ல உள்ளே இழுத்துப் பத்து நொடி நிறுத்துவது. தொண்டைக்குப் பின்னால், எலும்பை ஒட்டிக் கிடக்கும் ஆழமான தசைகள் இதில் வேலை செய்கின்றன. கழுத்துவலிக்காரர்களிடம் முதலில் சோர்ந்துபோவது அவைதான். தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்து இறக்கும் பயிற்சி இன்னொன்று. கண்ணாடி வைக்கிற பலகையையும் ஒரு சாண் உயர்த்தச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துப் பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். பலகைக்குக் கீழே நாலு செங்கல் வைத்திருந்தார். ஒரு கல் முடிந்ததும் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் பின்தலையைச் சாய்த்து, தாடையை உள்ளே இழுத்து, வாய்க்குள்ளேயே பத்துவரை எண்ணினார். பிறகு அடுத்த கண்ணாடியைத் துடைத்து முன்னால் வைத்தார்.