கருப்பட்டிப் பாகும் காரின் ஆயிலும்

அக்கினி நட்சத்திர நாள்களில் பாளையங்கோட்டையின் வெயில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும்போது, நம் ஊர்ச் சூட்டுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. ஆனால் வெளியே எந்த வெயிலானாலும், தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு என்ஜினைக் குளிர்விக்கும் நீரை 90 டிகிரி அளவிலேயே வைத்திருப்பதால், சூடேறி ஓடும் என்ஜினில் ஆயிலின் வெப்பம் பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். கவலைப்பட வேண்டியது நிறுத்தியிருக்கும் வண்டியைக் கிளப்பும் நேரத்துக்குத்தான்.

அடுப்பில் ஒழுகும் கருப்பட்டிப் பாகு ஆறியதும் கம்பியாக இழுபடுவதைப் போல, ஆயிலும் சூட்டில் இளகி, ஆறினால் தடிக்கிறது. 15டபிள்யூ-40 வகை ஆயில், 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறத்தாழ ஏழு மடங்கு தடிப்பானது. அதாவது சித்திரை உச்சிவேளையில்கூட, கிளப்பும் நொடியில் அது பாகுதான். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குறையக் குறையக் குளிர்ந்த ஆயில் விரைவாக மேலேறி உராய்வைத் தடுக்கும். பின்னுள்ள எண் சூட்டில் அதன் தடிப்பைக் குறிக்கும். குளிரில் சுருண்டும் சூட்டில் விரிந்தும் கிடக்கும் பாலிமர் இழைகளே ஒரே ஆயிலுக்கு இந்த இரண்டு குணங்களையும் தருகின்றன.

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறும் மினரல் ஆயிலில் மூலக்கூறுகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கும். சிந்தெடிக்கில் அவை ஏறக்குறைய ஒரே சீரானவை என்பதால், ஆவியாவதும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் குறைவு. செமி சிந்தெடிக் இரண்டின் கலவை.

அளவுக்கம்பியைத் துடைத்த துணியில் கறுப்பைப் பார்த்ததுமே ஆயில் கெட்டுவிட்டதாக முடிவு செய்ய வேண்டியதில்லை. கரியைப் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்வது ஆயிலில் சேர்த்த அழுக்குநீக்கிகளின் வேலை; டீசல் வண்டியில் சில நூறு கிலோமீட்டரிலேயே அது கறுத்துவிடும். பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறதென்று அஞ்ச வேண்டும்.

பொதுவாக மினரலை 5,000 கிலோமீட்டரிலும் சிந்தெடிக்கை 10,000 கிலோமீட்டரிலும் மாற்றுவார்கள். ஓட்டம் குறைவானாலும் ஓராண்டைத் தாண்டவிடுவதில்லை. எனினும் வண்டியோடு தந்த கையேடு சொல்வதே கணக்கு. மதுரைக்கு நான்குவழிச் சாலையில் ஒரே மூச்சில் போய்வரும் காரைவிட, தினமும் பாளையங்கோட்டையிலிருந்து அருகிலுள்ள திருநெல்வேலி ஜங்ஷன்வரை மட்டும் போய் நிற்கும் காரின் ஆயில்தான், கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால், சீக்கிரம் கெடும். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பங்கு பிஸ்டனைக் கடந்து கீழே கசிகிறது. ஆயில் முழுதாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் வெளியேறும். திசையன்விளைப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் புழுதியில் ஓடும் வண்டியென்றால், ஏர் பில்டரையும் அடிக்கடி பார்ப்பது நல்லது.

அளவு பார்க்கும்போது வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்துக் கம்பியை உருவ வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால், சுழலும் கிராங்க் ஷாப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயிலால் பேரிங்குகளுக்கு இடையே உறுதியான படலமாக நிற்க முடியாது.