நட்ஸுமெரோ என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

ஜப்பானியப் பாட்டு கொஞ்ச நாள் கேட்டாலே 'நட்ஸுமெரோ' என்ற சொல் எங்காவது வந்து காலை இடறும். நான் ரொம்ப நாள் இதைக் கோடைக்காலப் பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'நட்ஸு' என்றால் அவர்கள் மொழியில் கோடை. போதாததற்கு என்.எச்.கே. தொலைக்காட்சி 1969 முதல் பழைய பாட்டுகளுக்கென்றே நடத்தி வரும் பெரிய நிகழ்ச்சியும் கோடையில்தான் வரும். ஆனால் அது தப்பு. ஒலி ஒன்றுதான், எழுத்து வேறு, இது வேற நட்ஸு.

'நட்ஸுகஷி நோ மெரோடீ' என்ற தொடரின் சுருக்கம் இது. மெரோடீ நம்ம மெலடிதான், ஜப்பானிய நாக்கில் ல, ர ஆகிவிடும். நீளமான தொடரில் ஒவ்வொரு சொல்லின் தலையையும் கிள்ளி நாலு அசைக்குள் ஒட்டிவிடுவது அவர்களுக்குக் கைவந்த கலை. நமக்குத் தெரிந்த கரோக்கியும் அப்படிப் பிறந்ததுதான்: 'கர' என்றால் வெறுமை, 'ஓகே' என்பது ஆர்கெஸ்ட்ராவின் தலை, ஆக பாடகர் இல்லாத வெற்று வாத்தியக் குழு.

சரி, 'நட்ஸுகஷி' என்ன? அகராதியைப் புரட்டினால் 'நாஸ்டால்ஜியா' என்று போட்டிருக்கும், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இதன் வேர் 'நட்ஸுகு' என்ற வினை, அதற்கு ஒட்டிக்கொள்வது என்று பொருள். புதிதாக வீட்டுக்கு வந்த பூனை முதல் வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்துவிட்டு, ஒருநாள் தானாக வந்து மடியில் படுக்குமே, அதற்கு இன்றைக்கும் ஜப்பானியர் சொல்வது நட்ஸுகு. 'குழந்தை அத்தைகிட்ட நல்லா ஒட்டிக்கிச்சு' என்று நாம் சொல்வோமே, அதே ஒட்டுதல். அதிலிருந்து வந்த 'நட்ஸுகஷி'க்கு ஆதியில் பழசு என்ற வாடையே கிடையாது. 8-ஆம் நூற்றாண்டுத் தொகை நூலான மன்யோஷூவில் யமாபே நோ அகாஹிதோவின் பாட்டு ஒன்று இருக்கிறது. வசந்தகாலத்தில் வயலட் பூப் பறிக்க வெளிக்குப் போனவர், அந்த வெளியை விட்டு வர மனசில்லாமல் ராத்திரி அங்கேயே படுத்துவிட்டதாகப் பாடுகிறார். அந்த 'மனசில்லாமை'க்கு அவர் போட்ட சொல் இதுதான். வெளி கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது, அவர் எதையும் நினைவுகூரவில்லை. பிரிய மனம் வராதது என்ற இந்தப் பொருள்தான், பிரிந்த பிறகும் மனசு போய் ஒட்டிக்கொள்வது என்று பிற்காலத்தில் நகர்ந்தது.

எழுத்தில் இன்னொரு சுவாரசியம் உண்டு. இந்தச் சொல்லை எழுதும் சித்திர எழுத்தில் இடப்பக்கம் இருப்பது இதயக் குறி. இதே எழுத்தை 'ஃபுதொகொரோ' என்றும் படிக்கலாம். கிமோனோவின் மார்பு மடிப்புக்குள் பணப்பையைச் செருகி வைக்கிற இடம் அது, 'ஃபுதொகொரோ குளிருகிறது' என்றால் கையில் காசில்லை என்று அர்த்தம். நம் ஊரில் மடி என்ற சொல் பிள்ளையைக் கிடத்தும் இடமாகவும் காசு முடிகிற இடமாகவும் இருக்கிறதே, ஏறக்குறைய அப்படி.

இனி பாட்டுக்கு வருவோம். நட்ஸுமெரோ என்றால் முன்பெல்லாம் போருக்கு முந்தைய, போரையொட்டிய காலத்துப் பாட்டுகள், தாத்தா பாட்டி சமாசாரம். இன்று 2000-களின் பாட்டையும் அதே பெயரில் கூப்பிடுகிறார்கள். சொல் எந்த வருடத்தையும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, கேட்கிறவர் வயதோடு நகர்கிறது. 2003-இல் வந்த ஸ்மாப் குழுவின் 'உலகில் ஒரே ஒரு பூ' 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது, குழு 2016 கடைசியில் கலைந்தது, அதற்கப்புறம் அந்தப் பாட்டு நட்ஸுமெரோ ஆவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த 2000-களின் பாட்டுகள் இவ்வளவு அழுத்தமாக ஒட்டிக்கொண்டதற்குப் பள்ளிக்கூடம் ஒரு பெரிய காரணம் என்பேன். ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்கும், பல ஊர்களில் செர்ரி பூப்பதும் அதை ஒட்டித்தான், அதனால் பிரிவும் பூவும் ஒரே சட்டகத்தில் வந்துவிடும். மோரியாமா நவோதாரோ 2003-இல் 'சகுரா' என்று பாடினார், 2005-இல் கோபுகுரோவும் கெட்ஸுமெய்ஷியும் ஆளுக்கொரு 'சகுரா', 2006-இல் இகிமோனோகாகாரி இன்னொன்று. எல்லாமே செர்ரி, யாருக்கும் அலுக்கவில்லை. எனக்குப் பிடித்த கதை ரெமியோரோமென் குழு 2004-இல் வெளியிட்ட 'மார்ச் 9' பாட்டுடையது. ஒரு நண்பரின் கல்யாணத்துக்காக எழுதியது, கல்யாணத் தேதிதான் தலைப்பு. அந்தத் தேதி பட்டமளிப்புக் காலத்தில் விழுந்ததால், பிள்ளைகள் அதைப் பள்ளிப் பிரிவுப் பாட்டாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்!

அப்புறம் மடக்குக் கைப்பேசி. அழைப்பு வந்தால் ஒலிக்கும் மெட்டுக்கு 'சக்குமெரோ' என்று பேர், கவனியுங்கள், அதே மெரோ. முதலில் வெறும் பீப் ஒலியில் வாசித்தது, 2002 டிசம்பரிலிருந்து பாடகரின் அசல் குரலே துண்டாக வந்தது. ஒருத்தர் கைப்பேசி வகுப்பில் ஒலித்தால் பல்லவியின் சில விநாடிகள்தான் காதில் விழும், அந்தத் துண்டே மனசில் தங்கும். இன்று கரோக்கி அறையில் பல்லவியை உயிரைக் கொடுத்துப் பாடிவிட்டு இரண்டாம் சரணத்தில் திரையைப் பார்த்து முணுமுணுக்கிற ஆள்களைப் பார்த்தால், அந்தக் கைப்பேசித் தலைமுறை என்று சந்தேகப்படலாம்.

ஒரு கிளைக்கதை. நட்ஸுகாவா ரிமி 2001-இல் பாடிப் புகழ்பெற்ற 'நதா ஸோஸோ'வின் வரிகள் மோரியாமா ர்யோகோ தன் மறைந்த அண்ணனை நினைத்து எழுதியவை, மெட்டு ஒகினாவாவின் பிகின் குழுவுடையது. 'நதா' ஒகினாவா மொழியில் கண்ணீர். மேலே சொன்ன நவோதாரோ இந்த ர்யோகோவின் மகன்தான்.

தமிழுக்கு வருவோம். 'நினைவேக்கப் பாடல்' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு இது ஒத்துவரவில்லை. நாஸ்டால்ஜியா 1688-இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவர் வீடு திரும்ப முடியாத வேதனைக்கு, ஒரு நோயின் பெயராகக் கட்டிய சொல், அதற்கு ஏக்கம் சரி. ஏக்கத்தில் ஒரு குறை இருக்கிறது, கிடைக்காதது தெரிகிறது. நட்ஸுகஷியில் அது இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கடையில் பழைய பாட்டு ஓடினால் ஜப்பானியர் 'நட்ஸுகஷீ!' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், 'நான்' என்ற சொல்லே அதில் வராது, பாட்டுதான் நட்ஸுகஷி. நினைத்தாலே இனிக்கிறது என்று நாம் சொல்லும்போது இனிப்பது நாம் அல்லவே, அதுபோல. 'உள்ளினும் தீராப் பெருமகிழ் செய்தலால்' என்று குறள் 1201 சொல்வதும் இந்தப் பக்கத்து உணர்வுதான்.

'பழைய பாட்டு' என்றால் வயது மட்டும் தெரிகிறது, ஒட்டுதல் தெரியவில்லை. 'பொற்காலப் பாடல்' என்றால் யாரோ தீர்ப்பு எழுதியாகிவிட்டது. என் ஓட்டு 'அந்தநாள் பாட்டு'க்கு. எந்த நாள் என்பதை அவரவர் வயது முடிவு செய்துகொள்ளும், 'அந்த' என்று சொல்லும்போதே கை எங்கேயோ நீண்டு தொட்டுவிடுகிறது. எழுதும்போது இப்படி எழுதலாம்: 'மார்ச் 9 இப்போது அந்தநாள் பாட்டு ஆகிவிட்டது, போன வாரம் கரோக்கியில் மூன்று பேர் அதையே கேட்டார்கள்.'