பாவம், மிட்டாய்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பாட்டியின் தீர்ப்பு நினைவிருக்கும்: "ரொம்ப இனிப்பு தின்னாதே, வயித்துல பூச்சி வைக்கும்." ராத்திரி பிள்ளை பல்லைக் கடித்தால் காலையில் வேப்பங்கொழுந்து உருண்டை. மிட்டாய்க்கும் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த மண் செய்த வேலை.

நாக்குப்பூச்சி என்று சொல்கிறோமே, அந்த உருண்டைப்புழு நாளொன்றுக்கு 2,00,000 முட்டை வரை இடும். ஆனால் அன்று மலத்தோடு வெளியேறிய முட்டையால் யாருக்கும் தொற்றாது. ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து, உள்ளே கரு முற்ற வேண்டும். அதன்பின் நகக்கண் அழுக்கோடோ கழுவாத கீரையோடோ வாய்க்குள் போகும். குடலில் பொரிந்த புழு அங்கேயே தங்கிவிடலாம், தங்காது. குடல் சுவரைத் துளைத்து, ஈரல், நுரையீரல் எல்லாம் சுற்றி, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கே வந்து சேரும்.

கொக்கிப்புழுவுக்கு வாய் வழிகூட வேண்டாம். முட்டை ஓரிரு நாளில் மண்ணிலேயே பொரிந்து, 5 முதல் 10 நாளில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். அரை மில்லிமீட்டர் உருப்படிதான், வெயில் பட்டால் காய்ந்து சாகும். அதற்கு ரப்பர் காடு சொர்க்கம்: நிழல், ஈரச் சருகு, அவசரத்துக்கு ஒதுங்கவும் அதே காடு. விடியுமுன் பால் வெட்டப் போகும் நேரத்தில் புல்லெல்லாம் பனி. அந்த ஈரப்படலத்தைப் பிடித்துத்தான் புழு மேலேறிக் காத்திருக்கும். நாள் விட்டு நாள் அதே மர நிரைக்கு வெறுங்காலோடு திரும்பி வருகிறவரைப் பிடிக்க அதற்கென்ன கஷ்டம்?

உள்ளே போனதும் அதுவும் பால் வெட்டத் தொடங்கும். பால் பிடிக்கும் கோப்பையான மங்கில் அது உறையாமலிருக்க அம்மோனியா விடுவார்கள் அல்லவா? இரத்தம் உறையாமலிருக்கக் கொக்கிப்புழு தன் சுரப்பைக் கலக்கிறது. கொக்கிப்புழுவில் நெக்கேட்டர் வகைப் புழு ஒன்றால் நாளுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தம் போகும். 100 புழு என்றால் 3 மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டிகூட இல்லை. ஆனால் தினமும். வெளுத்த முகமும் மூச்சிரைப்பும் வந்தவரை "சோம்பேறி" என்று வேலையை மேற்பார்க்கும் எத்தனை மண்டோர்கள் ஏசியிருப்பார்களோ!

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்குப் போனவர்களிடம் கதை கொஞ்சம் மாறும். சிமெண்டுத் தரையும் சிலிப்பரும் வந்தால் கொக்கிப்புழு குறையும். நெரிசலான வீடு, திறந்த சாக்கடை, பிள்ளைகள் விளையாடும் மண் என்றிருக்கும் இடத்தில் கை வழியாக வாய்க்குப் போகும் உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் கொடிகட்டிப் பறக்கும். மலேசியாவில் இன்றும் இவை அதிகம் வாட்டுவது பழங்குடிகளான ஓராங் அஸ்லி கிராமத்துப் பிள்ளைகளைத்தான்.

400 மில்லிகிராம் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை ஒன்று உருண்டைப்புழுவைத் துரத்திவிடும். தலையை நூல்போல் குடல் சுவருக்குள் கோத்துக்கொண்டிருக்கும் சாட்டைப்புழு ஒரு மாத்திரைக்கு எளிதில் மசியாது. மாத்திரை விழுங்கிய பிள்ளை மாலையில் விளையாடப் போவதும் அதே மண்ணில்தான். அங்கே கிடக்கும் முட்டைகளை எந்த மாத்திரையும் தொடுவதில்லை.