பாட்டியே குளிப்பாட்டட்டும், மூக்கில் எண்ணெய் மட்டும் வேண்டாம்

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் காலைக் குளியல்தான் அன்றைய பெரிய வேலை. வெந்நீர் விளாவி, பாட்டி மனைப்பலகையில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவார். நீட்டிய கால்களின் மேல் குழந்தை. கை, கால், முதுகு என்று எண்ணெய் தேய்த்து நீவ நீவ, பேச்சும் பாட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

குழந்தை மருத்துவராக நான் இந்தக் குளியலின் பக்கம்தான். தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக நீவுவது தோலுக்கு நல்லது. குறைமாதக் குழந்தைகளுக்கு எடை கூடவும் அது உதவுகிறது. என் கவலையெல்லாம் குளியல் முடியும் நேரத்தில் நடப்பதைப் பற்றித்தான்.

இருமலும் இரைப்புமாக வரும் குழந்தையின் அம்மாவிடம் "மூக்கில் எண்ணெய் விடுவீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்பார். "குளிப்பாட்டும்போது சளி எடுப்பீங்களா?" என்று கேட்டால்தான், "ஆமா டாக்டர், அத்தை தினமும் எடுப்பாங்க" என்று வரும். மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய், வாயால் ஒரு ஊதல், தொண்டைக்குள் விரல் விட்டு ஒரு வழிப்பு. வீட்டில் அதற்குப் பெயர் சளி எடுப்பது.

தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் உறுத்தாது, சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் வழுக்கி நுரையீரலில் போய்த் தங்கிவிடும். அதை நுரையீரலால் எளிதில் வெளியேற்ற முடியாது. அங்கே அழற்சி உண்டாகும். இதைத்தான் லிப்பாய்டு நிமோனியா என்கிறோம். கிருமியால் வருவதல்ல என்பதால் ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் இது சரியாகாது. தொண்டையில் விடும் விரலோ நகக்காயத்தையும் கிருமியையும் உள்ளே கொண்டுபோகும்.

உண்மையில் மூச்சு விடும்போது கேட்கும், சளி என்று நினைக்கவைக்கும் அந்தக் கரகர சத்தம் பல குழந்தைகளுக்குச் சளியே அல்ல. மூக்குத் துளை சின்னது, முதல் சில மாதங்கள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள், அதனால் வரும் சத்தம். பால் குடிக்கத் திணறினால் மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு போதும்.

குழந்தையின் மார்புக் காம்பைப் பிழிவதும் வேண்டாம். தாயின் ஹார்மோனால் ஆண் குழந்தைக்கும் மார்பு வீங்கும், தானாகவே வற்றும். பிழிந்தால் சீழ் கட்டும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். தலை காய நல்ல பருத்தித் துண்டு போதும்.

"உன் புருஷனையும் இப்படித்தான் வளர்த்தேன்" என்று பாட்டி சொல்வார். அதுவும் நிஜம்தான், எல்லாக் குழந்தைக்கும் நோய் வருவதில்லை. ஆனால் எந்தக் குழந்தைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. மருமகள் இதைச் சொன்னால் வீட்டில் மனஸ்தாபம்தான் மிஞ்சும். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது பாட்டியையும் அழைத்து வாருங்கள். "நீங்களே குளிப்பாட்டுங்கம்மா, மூக்கு, வாய்ப் பக்கம் மட்டும் கை போக வேண்டாம்" என்று நான் சொல்கிறேன். பெரும்பாலான பாட்டிகள் கேட்டுக்கொள்கிறார்கள்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். எண்ணெய் விட்டிருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை முதலில் சொல்லிவிடுங்கள். யாரும் திட்டமாட்டோம்.