முகத் தளர்ச்சிக்குச் சதவீதம் உண்டா? தசைச்சிதைவு சான்று வாங்கப் போகும் முன்

மாற்றுத்திறனாளி சான்றுக்காக என் அத்தை மகனோடு ஓர் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மருத்துவர் அவனை நடக்கச் சொன்னார், நாற்காலியிலிருந்து எழச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். முகத்தைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன் தம்பி உர்ருன்னு இருக்க?" அவன் உர்ரென்று இல்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குச் சிரிப்பு அப்படித்தான் வரும். உதட்டின் ஓரம் மேலே ஏறாது, பக்கவாட்டில் ஒரு கோடாக நீளும். கடைசியில் தாளில் 'கை கால் இயக்கக் குறைபாடு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நோயின் பெயர் இல்லை. அந்தப் பெயரைச் சேர்க்க மறுபடி நான்கு நடை.

பெயர் ஏன் முக்கியம்? தமிழ்நாடு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். கடும் உடல் பாதிப்பு என்ற பிரிவில் அதைக் கேட்டால் சான்றில் 75 சதவீதக் குறைபாடு வேண்டும். தசைச்சிதைவு நோய் என்ற பிரிவில் 40 போதும். அதே ஆள், அதே 45 சதவீதம். சான்றில் 'தசைச்சிதைவு' என்ற சொல் இருந்தால் விண்ணப்பம் நகரும், இல்லாவிட்டால் திரும்பி வரும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, தசைச்சிதைவு தனியாகச் சொல்லப்படவில்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. அதில் இயக்கக் குறைபாட்டின் கீழ் மூளை முடக்குவாதம், குள்ளத்தன்மை, அமில வீச்சு, தொழுநோயிலிருந்து மீண்டோர் ஆகியவற்றோடு தசைச்சிதைவும் பெயர் சொல்லி இடம்பெற்றது. ஆகவே பெயரை எழுதச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

சரி, முகத்துக்கு வருவோம். தசைச்சிதைவு என்பது ஒரு நோய் அல்ல, பல நோய்களின் பொதுப்பெயர். சிறுவர்களுக்கு வரும் டூஷேன் வகையில் முகம் பெரும்பாலும் தப்பிவிடும். மயோடோனிக் வகையில் இமை தொங்கும், நெற்றிப்பொட்டு ஒட்டிப்போய் முகம் நீளமாகத் தெரியும். முகத்தைக் குறிவைத்துத் தொடங்குவது என் அத்தை மகனுக்கு இருக்கிற எஃப்எஸ்ஹெச்டி. முகம், தோள்பட்டை, மேல்கை என்ற மூன்றையும் சேர்த்து வைத்த பெயர் அது. 1880களில் லாண்டூசி, டெஜெரின் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தது. நான்காம் குரோமோசோமின் ஓரத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு மரபுத்துண்டு, மற்றவர்களுக்குப் பதினொன்றோ அதற்கு மேலோ இருக்கும்; இந்த நோயின் முதல் வகை உள்ளவர்களுக்குப் பத்தோ அதற்குக் குறைவோதான் இருக்கும். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. "சொந்தத்துல கட்டினதால வந்தது" என்று குடும்பத்தில் பேச்சு கிளம்பினால் இந்த நோயைப் பொறுத்தவரை அது தப்பு.

முகத் தளர்ச்சியை மருத்துவர் எப்படிப் பார்க்க வேண்டும்? கண்ணை இறுக்கி மூடச் சொல்லுவார். நன்றாக மூடினால் இமைமுடி முழுக்க உள்ளே புதைந்துவிடும். தளர்ச்சி இருந்தால் முடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், சிலருக்கு வெள்ளை விழியே தெரியும். பிறகு கன்னத்தை உப்பச் சொல்லி விரலால் அழுத்துவார், காற்று உதட்டு ஓரமாகப் புஸ்ஸென்று போய்விடும். விசில் அடிக்கச் சொல்லுவார், உதட்டைக் குவிக்கச் சொல்லுவார். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பாதிக்காது என்பதையும் கவனிப்பார். ஒரு பக்கம் மட்டும் கோணுவதைப் பார்த்துவிட்டு 'முகவாதம்' என்று முடிவு கட்டிவிடுவதும் நடக்கிறது. முகவாதம் சில நாட்களில் திடீரென வரும், கெடுவது நரம்பு. இது வருடக்கணக்கில் மெல்ல வரும், கெடுவது தசை.

இதற்கெல்லாம் வீட்டிலேயே சாட்சி இருக்கும். தூங்கும்போது கண் அரைக்கண்ணாகத் திறந்திருக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். சின்ன வயதில் பலூன் ஊத முடிந்ததா, ஊதுகுழலால் அடுப்பு ஊத முடிந்ததா, ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்க வருமா, வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒழுகுமா. என் அத்தை மகனுக்குப் பத்து வயதிலேயே பலூன் ஊத வராது. கேலி செய்தோம். அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இனி கணக்கு. மத்திய அரசு 2018 ஜனவரியில் மதிப்பீட்டு வழிகாட்டுதலை அரசிதழில் வெளியிட்டது, 2024 மார்ச்சில் அதைத் திருத்தியது. தசை வலுவை 0 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். 5 என்றால் முழு வலு, இழப்பு இல்லை. 4 என்றால் 20 சதவீத இழப்பு, 3 என்றால் 40, 2 என்றால் 60, 1 என்றால் 80, அசைவே இல்லாத 0 என்றால் 100. இது கை, கால் மூட்டுகளை அசைக்கும் தசைகளுக்கான அட்டவணை. கன்னத்துக்கும் உதட்டுக்கும் அதில் வரிசை கிடையாது. எஃப்எஸ்ஹெச்டி நோயை மட்டும் அளக்க இத்தாலிய மருத்துவர்கள் 2010 இல் வெளியிட்ட 15 மதிப்பெண் முறை ஒன்று உண்டு. அதிலும் முகத்துக்கு 2 தான், இடுப்புப் பகுதிக்கு 5. முகம் மட்டும் பாதிக்கப்பட்ட ஒருவர் 40 சதவீதத்தைத் தொடுவார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அப்படியானால் முகத்தை ஏன் சோதிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டும்? ஏனென்றால் நோயின் பெயரைக் காட்டிக்கொடுப்பது முகம்தான். தோள் தளர்ச்சிக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தோளோடு சேர்த்து மூடாத கண்ணும் குவியாத உதடும் இருந்தால் நரம்பியல் மருத்துவருக்கு எஃப்எஸ்ஹெச்டி உடனே நினைவுக்கு வரும். தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் சிகே என்ற நொதியின் அளவு இந்த வகையில் இயல்பாகவோ கொஞ்சம் கூடுதலாகவோதான் இருக்கும், அதைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். மரபணுப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல்: வழக்கமாக எழுதிக்கொடுக்கும், மரபணுக்களைப் பொதுவாக வாசிக்கும் எக்ஸோம் பரிசோதனை, மேலே சொன்ன மரபுத்துண்டுகளின் எண்ணிக்கையைப் பிடிக்காது. அதற்கென்று தனிப் பரிசோதனை வேண்டும். பணம் கட்டும் முன் ஆய்வகத்தில் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முகத்தின் தளர்ச்சி வேறு உறுப்புகளைத் தொட்டிருந்தால் அது தனிக் கணக்கு. பேச்சு குழறி மற்றவர்களுக்குப் புரியவில்லை என்றால் பேச்சு, மொழிக் குறைபாடு சட்டத்தில் தனி வகை. சிறு வயதிலேயே கடுமையாக வரும் எஃப்எஸ்ஹெச்டியில் காது கேளாமையும் விழித்திரைப் பாதிப்பும் சிலருக்கு இருக்கும், அவையும் தனி வகைகள். இரண்டு குறைபாடுகளை அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரியதை முதலில் வைத்து, 90 இலிருந்து அதைக் கழித்து, மீதியைச் சிறியதால் பெருக்கி, 90 ஆல் வகுத்து, பெரியதோடு சேர்ப்பார்கள். உதாரணத்துக்குக் கைகால் 36, பேச்சு 20 என்று வைத்துக்கொள்வோம். 90 இல் 36 போக 54. அதை 20 ஆல் பெருக்கி 90 ஆல் வகுத்தால் 12. மொத்தம் 48. தனியாக 36 என்றால் எல்லைக்கு வெளியே, 48 என்றால் உள்ளே. கண் மூடாமல் கருவிழி உலர்ந்து போகிறவர்கள் கண் மருத்துவரின் குறிப்பையும் வைத்துக்கொள்ள வேண்டும். பார்வை குறையாதவரை அதற்குச் சதவீதம் வராது, ஆனால் அது முகத் தளர்ச்சிக்கு எழுத்து மூலமான சாட்சி.

சோதனை அறையில் நடக்கும் இன்னொரு தவறைச் சொல்லியாக வேண்டும். எஃப்எஸ்ஹெச்டியில் தோளின் மேல் தசை ஓரளவு தாக்குப்பிடிக்கும். தோள்பட்டை எலும்பை முதுகோடு பிடித்து வைக்கும் தசைகள்தான் முதலில் போகும். அந்த எலும்பை முதுகோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சோதித்தால் வலு நன்றாக இருப்பதுபோல் தெரியும். சட்டையைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கையைத் தூக்கும்போது எலும்பு சிறகு மாதிரி வெளியே புடைக்கும். கூச்சப்பட்டுப் பனியனோடு நின்றால் சதவீதம் அங்கேயே குறையும். பெண்கள் உடன் ஒரு பெண்ணை அழைத்துப் போவது நல்லது.

விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில்தான். 2021 ஜூன் முதல் நாடு முழுக்க இந்த வழி மட்டுமே. பக்கத்து இ-சேவை மையத்தில் பதிந்து கொடுப்பார்கள். 2024 இல் விதியைத் திருத்தி, ஒரு மாதமாக இருந்த கால அவகாசத்தை மூன்று மாதமாக்கிவிட்டார்கள், அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். கிடைக்கும் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம்.

40 வந்துவிட்டால் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போய் உதவித்தொகைக்கு எழுதிக்கொடுக்கலாம். அரசுப் பணியில் மொத்தம் உள்ள 4 சதவீத இடஒதுக்கீட்டில் இயக்கக் குறைபாட்டுப் பிரிவுக்கு ஒரு சதவீதம், அதில் தசைச்சிதைவும் சேரும். உயர்கல்வியில் 5 சதவீதம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தசைச்சிதைவு மட்டும் உள்ளவருக்கு அது கிடையாது.

சதவீதம் குறைவாகத் தோன்றினால் 2016 சட்டத்தின் 59 ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மாநில அரசு அதற்கெனக் குறிக்கும் மேல்முறையீட்டு அதிகார அமைப்பிடம் அதைக் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. இரண்டு வருடம் கழித்து நோய் முற்றியிருந்தால் அது மேல்முறையீடு இல்லை, புதிய மதிப்பீடு. பழைய அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.

அப்புறம், புகைப்படம். எங்கள் கோப்பில் கடைசியில் வேலை செய்தது நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த அரைப்பக்கக் குறிப்பும் இரண்டு படங்களும்தான். ஒன்றில் அவன் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறான், இமைமுடி வெளியே தெரிகிறது. இன்னொன்று அவன் அக்கா கல்யாணத்தில் எடுத்தது, எல்லோரும் பல் தெரியச் சிரிக்க இவன் மட்டும் வாயைக் கோடாக வைத்திருப்பான். இரண்டாவது முறை போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவர் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்ண மூடு தம்பி, இன்னும் இறுக்கமா" என்றார்.