முகூர்த்த நாளில் வந்த பஞ்சம்

"ஒரு குத்துச்சண்டையை உலகமே ஒரு வாரம் பேசியது. அதே நேரம் சூடானில் பஞ்சம். அதை எந்தச் சேனலிலும் பார்த்த நினைவில்லை. இது சதிதானே சார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அவர் சொல்லும் நாள் 2024 ஆகஸ்ட் 1. பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியாவின் இமான் கெலிஃபுடன் மோதிய இத்தாலியின் ஆஞ்செலா கரினி, 46 விநாடியில் போதும் என்று விலகிக்கொண்டார். கெலிஃப் பெண்கள் பிரிவில் ஆடலாமா என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். அதே நாளில்தான், சூடானின் வட டார்ஃபூரில் எல் ஃபாஷர் நகருக்கு அருகே, போரால் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஜம்ஜம் முகாமில் பஞ்சம் நிலவுவதாகச் சர்வதேசப் பஞ்ச ஆய்வுக் குழு அறிவித்தது. அந்தச் சொல்லைச் சும்மா சொல்லிவிட மாட்டார்கள். ஐந்தில் ஒரு குடும்பத்துக்காவது சாப்பாடே எட்டாத நிலை, 30 சதவீதக் குழந்தைகளுக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, பத்தாயிரம் பேருக்குத் தினமும் 2 சாவு என்ற அளவுகோலைத் தாண்ட வேண்டும். அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் உலகில் எந்த இடமும் அப்படி அறிவிக்கப்படவில்லை.

குத்துச்சண்டைக் காணொளி என் போனுக்கே ஏழெட்டு முறை வந்தது. ஜம்ஜம் பற்றி மூன்று நாள் கழித்துத்தான் படித்தேன்.

சர்ச்சை ஏன் வேகமாகப் பரவுகிறது என்பது ஓரளவு தெரிந்த கதை. துப்பாக்கிக் கட்டுப்பாடு, தன்பால் திருமணம், பருவநிலை பற்றிய ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்களை அலசிய ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. 'வெட்கக்கேடு' என்பதுபோல அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடினால், பகிர்வு சுமார் 20 சதவீதம் கூடுகிறதாம். சரி, அது இருக்கட்டும். ஒரு செய்தி இன்னொன்றை உண்மையிலேயே வெளியே தள்ளுகிறதா? தள்ளினால் யாருக்காவது நஷ்டம் உண்டா? எனக்குப் பிடித்தது இந்தக் கேள்விதான்.

ஒரே நாளில் இரண்டு சம்பவம் நடந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. டிவியில் அதிகம் வந்த பேரிடருக்கு அதிக நிவாரணம் போனது என்று காட்டினாலும் போதாது. பெரிய பேரிடர் என்பதால்தான் டிவியும் வந்தது, நிவாரணமும் வந்தது என்று எதிராளி ஒரே வரியில் மடக்கிவிடுவார். சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டு நாமே பூகம்பத்தை வரவழைக்கவும் முடியாது.

ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த தாமஸ் ஐசென்ஸே, டேவிட் ஸ்ட்ரோம்பெர்க் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இங்கே ஒரு குறுக்குவழி கண்டார்கள். அமெரிக்க மாலைச் செய்தி அரை மணி நேரம். விளம்பரம் போக 22 நிமிடம் மிஞ்சும். படியில் அளப்பதுபோல, ஒன்றைக் கூடப் போட்டால் இன்னொன்று வழிந்தாக வேண்டும். அந்தப் படியை நிரப்பக்கூடிய, ஆனால் பேரிடரோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்ற ஒன்று கிடைத்தால் போதும். ஒலிம்பிக் அப்படிப்பட்டது! அதன் தேதியைப் பல ஆண்டுகள் முன்பே குறித்துவிடுகிறார்கள். பூகம்பம் அந்த நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. ஆகவே ஒலிம்பிக் சமயத்தில் வந்த பேரிடர்களும் மற்ற நாட்களில் வந்தவையும், கொடுமையில் சராசரியாக ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். அப்படியும் நிவாரணம் மாறினால், காரணம் அந்த 22 நிமிடம்தான். இயற்கையே சீட்டுக் குலுக்கிக் கொடுத்த சோதனை இது.

1968 முதல் 2002 வரை நடந்த ஏறக்குறைய 5,000 பேரிடர்களை இப்படிப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒலிம்பிக் போன்ற பெருஞ்செய்தியோடு மோதிய பேரிடருக்கு அமெரிக்க அரசின் நிவாரணம் கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. முகூர்த்த நாளில் சமையல்காரர் கிடைக்காததுபோல. நாள் நட்சத்திரம் பார்ப்பவர்களிடம் எனக்கு ஆகாது. ஆனால் பிறந்த நேரம் தலைவிதியை மாற்றும் என்பது பேரிடர்கள் விஷயத்தில் மட்டும் உண்மையாகிவிட்டது.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. எரிமலையில் ஒருவர் இறந்தால் செய்தியாகும் அதே வாய்ப்பு கிடைக்க, பட்டினியில் ஏறக்குறைய 40,000 பேர் சாக வேண்டும். எரிமலைக்கு ஒரு நாள், ஒரு நேரம், ஒரு படம் இருக்கிறது. பஞ்சம் மாதக்கணக்கில் நகர்கிறது. 'இன்று' என்று சொல்ல அதற்கு நாளே கிடையாது. அறிவிக்கப்படும் ஒரு நாள்தான் அதற்கு உண்டு. அதுவும் அந்த ஆகஸ்ட் 1 ஆகப் போயிற்று.

ஆய்வு ஏன் 1968-ல் தொடங்குகிறது தெரியுமா? அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் மாலைச் செய்திகளைத் தினமும் பதிவுசெய்து குறிப்பெழுதி அடுக்கத் தொடங்கியது. பின்னால் இது இன்னதற்குப் பயன்படும் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது. 'உடனடிப் பயன் என்ன?' என்று படிவத்தில் கேட்கும் நிதிக்குழுக்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சதியா என்ற கேள்விக்கு வருவோம். யாரும் உட்கார்ந்து திட்டம் போட வேண்டியதே இல்லை; படி சிறியது, அவ்வளவுதான். என்ன போடுவது என்பதில் ஆசிரியருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.

ஜம்ஜம் மறுபடி செய்தியாகக்கூடிய நாள் 2025 ஏப்ரல் 13. மூன்று நாள் தாக்குதலுக்குப் பிறகு, சூடான் ராணுவத்தோடு போரிட்டுவந்த துணை ராணுவப் படை முகாமைக் கைப்பற்றியது. லட்சக்கணக்கானோர் நடந்தே வெளியேறினார்கள். மறுநாள் பாடகி கேட்டி பெர்ரி உட்பட ஆறு பெண்கள் சுமார் 11 நிமிடம் விண்வெளிக்குப் போய்வந்தார்கள். அது பெண்ணியமா விளம்பரமா என்ற சண்டை தொடங்கியது.